கியோட்டோவில் ஒரே நாள்: நிஷிகி சந்தை வேண்டுமா, வேண்டாமா?

பயணப்பை:
கியோட்டோவில் எங்களுக்குக் கிடைப்பது ஒரு முழு நாள்தான்: ஏப்ரல் 21. காலையில் ஃபுஷிமி இனாரி, பிறகு கியோமிசு கோயில், மதியம் நிஷிகி சந்தை, மாலையில் கியோன் தெருக்கள் என்று குறித்து வைத்திருக்கிறேன். உடன் அம்மா வருகிறார். மீன், இறைச்சி தொடமாட்டார். படி ஏறத் தயங்கமாட்டார். எதைக் கழிக்கலாம், எதைச் சேர்க்கலாம்?

கல்தச்சன்:
முதலில் சந்தையைக் கழியுங்கள். நிஷிகி என்பது சுமார் 390 மீட்டர் நீளத்தில் கூரை போட்ட ஒரு குறுகிய சந்து. நண்பகல் நேரத்தில் அங்கே நடக்க முடியாது, நகரத்தான் முடியும். கியோட்டோவின் சமையலறை என்று பெயர் வாங்கிய இடம்தான். இன்று குச்சியில் செருகிய மாட்டிறைச்சியும் இறாலும் பயணிகளுக்காகவே வெந்துகொண்டிருக்கின்றன. உங்கள் அம்மா அங்கே எதைச் சாப்பிடுவார்?

அந்த நேரத்தைச் சஞ்சூசாங்கெந்தோவுக்குக் கொடுங்கள். தீயில் அழிந்து 1266இல் மறுபடி எழுந்த மர மண்டபம், நீளம் சுமார் 120 மீட்டர். உள்ளே கருணைத் தெய்வமான கண்ணோனின் 1001 சிலைகள், அவற்றுக்குக் காவலாக 28 தெய்வங்கள். அந்தக் காவலர்களுக்குள் நம் கருடனைத் தேடிப் பாருங்கள். நம்மூரில் பெருமாளுக்கு முன் கைகூப்பி இருப்பவர், அங்கே குழல் ஊதிக்கொண்டிருக்கிறார்! உள்ளே படம் எடுக்கத் தடை இருப்பது இன்னொரு புண்ணியம்.

மீனாள்:
கல்தச்சன் ஐயாவுக்குக் கல்லும் மரமும் மட்டும்தான் ஊர் போலிருக்கிறது. சந்தை வேண்டாம் என்கிறீர்கள், இனாரியைப் பற்றி மூச்சு விடவில்லை. அது யாருடைய கோயில்? நெல்லுக்கும் வணிகத்துக்கும் உரிய தெய்வத்துக்கு 711இல் தோன்றியது. மலைப்பாதை நெடுக நிற்கும் செந்நிறத் தோரி வாயில்களைத் தாண்டியதும் திரும்பிப் பாருங்கள்: கொடுத்தவர் பெயரும் நாளும் கறுப்பு எழுத்தில் இருக்கும். கடைக்காரர்களும் நிறுவனங்களும் வேண்டுதலுக்கும் நன்றிக்கும் நிறுத்தியவை அவை. வணிகர் காசில் நின்ற வாயிலுக்குள் மெய்சிலிர்ப்பு, வணிகர் தெருவுக்குள் முகச்சுளிப்பு. இது என்ன நியாயம்?

இன்னொன்று. 1716இல் பிறந்த ஓவியர் இத்தோ ஜாக்குச்சூ நிஷிகியில் காய்கறி மொத்த வியாபாரம் செய்த குடும்பத்துப் பிள்ளை. புத்தர் பரிநிர்வாணத்தை அவர் எப்படி வரைந்தார் தெரியுமா? புத்தரின் இடத்தில் ஒரு வெள்ளை முள்ளங்கி படுத்திருக்கிறது. சுற்றி நின்று துக்கம் காப்பவை மற்ற காய்கனிகள். சந்தையில் வளராத ஒருவருக்கு அந்தக் கை வந்திருக்காது.

கல்தச்சன்:
அந்த ஓவியம் இப்போது இருப்பது கியோட்டோ தேசிய அருங்காட்சியகத்தில். நான் போகச் சொன்ன மண்டபத்துக்கு நேர் எதிரே! என் கட்சிக்குச் சாட்சி சொன்னதற்கு நன்றி. ஜாக்குச்சூவின் முள்ளங்கியை நிஷிகியில் வாங்க வந்த ஊர்க்காரர்கள் இன்று எத்தனை பேர் வருகிறார்கள்? வாயிலுக்கு நன்கொடை தந்த வணிகரை நான் பழிக்கவில்லை. பயணிக்காகவே கடையின் முகத்தை மாற்றிக்கொண்டதைத்தான் சொல்கிறேன்.

மீனாள்:
எல்லாக் கடையும் மாறிவிடவில்லை. 1560இல் வாள் செய்பவர்களாகத் தொடங்கிய அரித்சுகு என்ற கடை இன்று நிஷிகியில் சமையல் கத்தி விற்கிறது. தவிட்டில் புதைத்த ஊறுகாய்ப் பீப்பாய்களும் இருக்கின்றன. குச்சிக் கடைகளைத் தாண்டி நாலடி வைத்தால் கண்ணில் படும். வைக்காதவருக்கு எந்தச் சந்தையும் ஒன்றுதான்.

தென்றல்:
இரண்டு பேரும் தேதியைப் பார்க்கவே இல்லையா? ஏப்ரல் 21 என்று எழுதியிருக்கிறார்! ஒவ்வொரு மாதமும் 21ஆம் தேதி தோஜி கோயில் வளாகத்திலேயே சந்தை கூடும். அந்தக் கோயிலைப் பொறுப்பேற்று நடத்திய கூக்காய் துறவி 835இல் மறைந்தது மூன்றாம் மாதம் 21ஆம் நாள். அந்த நினைவுநாளை ஒட்டி வளர்ந்தது இது. பழைய கிமோனோ, கீறல் விழுந்த கிண்ணம், செடிகள், தச்சுக் கருவிகள், ஊறுகாய் எல்லாம் 55 மீட்டர் உயர ஐந்தடுக்கு மரக் கோபுரத்தின் காலடியில். வளாகத்துக்குள் கட்டணம் இல்லை. பிரசங்க மண்டபத்துக்கு மட்டும் டிக்கெட் எடுத்துப் போங்கள்: அன்னங்களின்மேல் பிரம்மா, யானைமேல் இந்திரன். இனாரியிலிருந்து ரயிலில் கியோட்டோ நிலையம் வந்து, தென்மேற்கே கால் மணி நேரம் நடந்தால் போதும்.

அம்மாவின் சாப்பாட்டில் கவனம். மீன் கண்ணுக்குத் தெரியாமலே இருக்கும். நம் மாசிக் கருவாட்டுக்கு உறவான காய்ந்த சூரை மீன் சீவலை ஊறவைத்த நீர்தான் சூப், முட்டை அடை, வேகவைத்த காய் பலவற்றுக்கும் அடிப்படை. கோயில் சார்ந்த சைவ உணவான ஷோஜின் ரியோரி கிடைக்கும் இடத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள்.

கல்தச்சன்:
இந்தச் சந்தைக்கு நான் தடை சொல்லமாட்டேன். காரணம் இருந்து கூடுகிற கூட்டம்.

பயணப்பை:
அப்படியானால் விடியற்காலை இனாரி, எட்டரைக்குத் தோஜி, மதியம் சஞ்சூசாங்கெந்தோ. கியோமிசு அடுத்த முறைக்கு. இருட்டியபின் நிஷிகியை எட்டிப் பார்த்துவிடலாமா?

மீனாள்:
இருட்டியபின் போனால் கதவுகளைத்தான் பார்ப்பீர்கள். பெரும்பாலான கடைகள் ஐந்து, ஆறு மணிக்கே அடைத்துவிடும். அடைத்த கதவுகளில் ஜாக்குச்சூவின் ஓவியங்கள் தீட்டப்பட்டிருக்கின்றன என்பது வேறு விஷயம். அம்மாவுக்குக் கத்தி வாங்க வேண்டுமென்றால் மூன்று மணிக்கே மண்டபத்தைவிட்டுக் கிளம்புங்கள்.

கல்தச்சன்:
மூன்று மணிக்கா? 1001 சிலைகள் அம்மா!