அம்மாவுக்கு தாய் சி கிளாஸ்ல நடக்க மட்டும்தான் சொல்லித் தர்றாங்க, தொடரலாமா?

யீஷூன்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 67 வயசு, சிங்கப்பூர்ல எங்க கூடத்தான் இருக்காங்க. போன மாசம் கிச்சன்ல சட்டுனு திரும்பும்போது தடுமாறி விழுந்துட்டாங்க, நல்லவேளை எலும்புக்கு ஒண்ணும் ஆகல, ஆனா அதுலேர்ந்து தனியா கீழ இறங்கவே பயம். எங்க புளோக் கீழ காலையில சீன ஆன்ட்டிங்க தாய் சிங்கிற மெதுவான சீன உடற்பயிற்சி பண்ணுவாங்க, பக்கத்து வீட்டு ஆன்ட்டிதான் கூட்டிட்டுப் போய் சேர்த்து விட்டாங்க. ரெண்டு வாரமாச்சு, மாஸ்டர் கை அசைவு எதுவுமே சொல்லித் தரல, கைய இடுப்புல வச்சுக்கிட்டு ஓரமா மெதுவா நடங்கன்னு மட்டும்தான். "எனக்கு நடக்கத் தெரியாதா?"ன்னு அம்மாவுக்கு மனசு விட்டுப் போச்சு. முட்டி வேற வலிக்குதாம். தொடரச் சொல்லவா, நிறுத்திடவா?

பினாங்கு மாமா:
நிறுத்தாதீங்கம்மா. கைய விட்டுட்டு காலைத் திருத்துறாருன்னா அவர் நல்ல மாஸ்டர். நான் எட்டு வருஷமா பண்றேன், எனக்கும் முதல் மூணு மாசம் நடைதான். நாம சாதாரணமா நடக்கிறப்ப உடம்பு முதல்ல முன்னாடி சாயுது, கால் பின்னாலேயே ஓடிப்போய் தாங்குது, ஒரு தடவை அது லேட்டானா விழுந்துடுவோம். தாய் சி நடையில இது அப்படியே தலைகீழ். முழு எடையும் பின்னங்கால்ல நிக்கும், முன்னங்கால் சும்மா போய் குதிகாலால தரையைத் தொடும், பாதம் படிஞ்ச பிறகுதான் எடை கொஞ்சம் கொஞ்சமா இந்தப் பக்கம் வரும், ஒரு குடத்துலேர்ந்து இன்னொரு குடத்துக்கு சிந்தாம தண்ணி ஊத்துற மாதிரி. எடை இல்லாத காலை சீனத்துல 'ஷூ'ன்னும் எடை ஏறின காலை 'ஷி'ன்னும் சொல்வாங்க, காலி, நிறைவுன்னு அர்த்தம். பூனை மாதிரி அடி எடுத்து வைன்னு பழைய ஆளுங்க சொல்றதும் இதைத்தான்.

வீட்லயே சோதிச்சுப் பாருங்க. அம்மா குதிகாலை வச்சதும் நிறுத்தச் சொல்லி, உடம்பு ஆடாம அந்தக் காலைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்க. எடுக்க முடிஞ்சா அந்த அடி அவங்க கட்டுப்பாட்டுல இருக்கு.

பிசியோ கோவை:
மாமா சொன்னது ரொம்பச் சரி. நான் முட்டியைப் பத்தி மட்டும் சொல்றேன். ரொம்பத் தாழ்ந்து நின்னா முட்டி வலிக்கும், லேசா மடக்கினாலே போதும், நாற்காலியில உட்கார்ற அளவுக்குக் குனிய வேணாம். முட்டி கால்விரலைத் தாண்டக்கூடாது, உள்பக்கமா சாயவும் கூடாது. இன்னொண்ணு, எடை ஏறின காலைத் தரையில வச்சு அப்படியே திருகினா முட்டிதான் வாங்கும், எடையைப் பின்னாடி எடுத்துட்டுத்தான் பாதத்தைத் திருப்பணும். கயித்து மேல நடக்கிற மாதிரி ஒரே கோட்டுல வைக்காம, ரெண்டு காலுக்கும் நடுவுல இடுப்பு அகலம் விடச் சொல்லுங்க.

இது சும்மா நம்பிக்கை இல்ல. அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்துல 70 வயசும் அதுக்கு மேலயும் ஆன, விழுற அபாயம் இருக்கிற 670 பேரை வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2018ல வெளியிட்டாங்க. வாரம் ரெண்டு தடவை, 24 வாரம். எடை மாத்துறதையும் சமநிலையையும் மையமா வச்ச தாய் சி செஞ்சவங்க, வெறும் ஸ்ட்ரெச்சிங் செஞ்சவங்களை விட 58 சதவீதம் கம்மியா விழுந்தாங்க.

சுகர் இருந்து பாதம் மரத்துப் போகுதா, எழுந்திரிச்சா தலை சுத்துதா? அப்படின்னா முதல்ல டாக்டரைப் பாருங்க, பிபி மாத்திரையாலயும் தலைசுத்தல் வரும்.

யீஷூன்வாசி:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. சுகர் இல்ல, பிபி மாத்திரை மட்டும்தான், டாக்டர்கிட்ட கேட்டுடறேன். நேத்து ராத்திரி காரிடார்ல மாமா சொன்ன சோதனையைப் பண்ணினோம். வலது காலை வச்சிட்டு திரும்ப எடுன்னு சொன்னா அம்மாவால எடுக்கவே முடியல, உடம்பு ஏற்கனவே அந்தப் பக்கம் போயிடுது, சுவரைப் பிடிச்சுக்கிட்டு "அட, ஆமாண்டி"ன்னு நின்னுட்டாங்க. இடது கால்ல பரவால்ல. அவங்க விழுந்ததும் வலது பக்கம்தான்.

பினாங்கு மாமா:
அப்ப அடி ரொம்ப நீளமா வைக்கிறாங்க. அவங்க பாதத்தோட நீளத்துக்கு மேல எட்டி வைக்க வேணாம்னு சொல்லுங்க. வலது காலை வைக்கும்போது தாங்குறது இடது கால்தான், அது இன்னும் வலுவாகணும். சுவர் ஓரமா தினம் பத்து நிமிஷம் போதும். கண்ணு காலைப் பார்க்கக்கூடாது, நேரா பார்க்கட்டும். செருப்பு வேணாம், அடி தட்டையா இருக்கிற ஷூ போடச் சொல்லுங்க. அடுத்த வாரம் வலது கால் எப்படி இருக்குன்னு எழுதுங்கம்மா.