புதுப்பிப்பு: இரவு வாட்சில் லுக்அவுட் ஆளை வேறு வேலைக்கு அனுப்பும் கேப்டன்

நான் கப்பலில் செகண்ட் ஆபீசர், நள்ளிரவு 12 முதல் 4 வரை என் வாட்ச், அதாவது கப்பலை ஓட்டும் பொறுப்பு என்னுடையது. அப்போது என்னோடு லுக்அவுட் நின்று கடலைக் கண்காணிக்க வேண்டியவரை கேப்டன் டேங்க் கழுவ அனுப்பிவிடுகிறார், எப்படிச் சொல்வது என்று மூன்று மாதத்துக்கு முன் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. இப்போது லீவில் பந்திங்கில் அம்மா வீட்டில் இருக்கிறேன். நேற்று செம்பனை லோரி சத்தத்துக்கே, வாட்சுக்கு நேரமாகிவிட்டது என்று துள்ளி எழுந்தேன்.

பலித்தது, "சண்டை போடாதே தம்பி, ஓய்வுநேரப் பதிவைக் காட்டு" என்று ஒரு அண்ணன் சொன்ன வழிதான். ஆபீசர் தனியாக லுக்அவுட் பார்ப்பதற்கு எஸ்டிசிடபிள்யூ (கப்பல் பணியாளர் பயிற்சிக்கும் வாட்சுக்குமான சர்வதேச ஒப்பந்தம்) விதி பகலில்தான், அதுவும் நிபந்தனையோடுதான் இடம் தருகிறது என்று கேப்டனிடம் முதலில் சொன்னேன். முகம் சுளித்தார். அப்புறம் அந்த லுக்அவுட் ஆளின் ஓய்வுநேரப் பதிவுத் தாளை மேசையில் வைத்தேன். எந்த 24 மணி நேரத்திலும் 10 மணி நேர ஓய்வு வேண்டும். அவருக்கு எட்டுகூட வரவில்லை. கேப்டன் பென்சிலால் கூட்டிப் பார்த்தார். இன்னொரு முறை கூட்டினார். அன்றிரவே ஆர்டர் புத்தகத்தில், இருட்டில் லுக்அவுட் பிரிட்ஜை (கப்பலை ஓட்டும் மேல்தள அறையை) விட்டுப் போகக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கம்பெனிக்கு எழுதத் தேவைப்படவில்லை.

எதிர்பாராத ஒன்று: அதே வாரம் பிரிட்ஜ் வாட்ச் அலாரத்தை, அதாவது வாட்சில் இருப்பவர் தூங்கிவிட்டால் எழுப்பும் அலாரத்தைச் சோதித்தோம். பிரிட்ஜில் அடித்தது. அதை யாரும் அணைக்காவிட்டால் 15 விநாடியில் கேப்டன் அறையில் அடிக்க வேண்டும், அடிக்கவில்லை. வயர் கழன்று கிடந்தது. நான் தனியாக நின்ற அத்தனை இரவும் அப்படித்தான் கிடந்திருக்கிறதோ என்னவோ. எலக்ட்ரீஷியன் பத்து நிமிடத்தில் மாட்டிவிட்டார். நீங்கள் சோதிக்கும்போது அறைக்குள் ஓர் ஆளை உட்கார வையுங்கள். பிரிட்ஜில் நின்றால் அது கேட்காது.