மாட்டுத் தரகை நம்பி இறங்கலாமா?

சாக்கோட்டைப் பையன்:
வணக்கம். எனக்கு வயது 24. டிப்ளமோ முடித்து மூன்று வருடம் திருப்பூரில் வேலை பார்த்தேன், இப்போது ஊரில்தான் இருக்கிறேன். என் தாய்மாமா மாட்டுத் தரகர். முழங்கால் தேய்ந்துவிட்டதால் அவரால் சந்தைக்குச் சந்தை அலைய முடியவில்லை. "என் துண்டை நீ எடுத்துக்கடா" என்கிறார். தரகன் என்றால் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று அம்மா அழுகிறார்.

அமெரிக்காவில் மாட்டு ஏலம் கூறுபவர்கள் பாட்டுப் போல விலை சொல்லும் வீடியோ பார்த்தேன். 1963இலிருந்து அவர்களுக்குள் சாம்பியன் போட்டியே நடக்கிறதாம். நம் பக்கம் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்தே விலை பேசி முடிக்கிறோம், வெளியே சத்தமே இல்லை. இந்தத் தொழில் இன்னும் எத்தனை நாளைக்கு? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கல்லல் தரகர்:
தம்பி, நான் 1989இல் பதினேழு வயதில் பெரியப்பாவோடு சந்தைக்குப் போக ஆரம்பித்தவன். இரண்டு வருடம் அவர் என்னைத் துண்டுக்குள் கைவிடவே விடவில்லை. பல் மட்டும் பார்க்கச் சொன்னார். மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது, கீழ்வரிசைதான் கணக்கு. பால்பல் விழுந்து இரண்டு பெரிய பல் வந்தால் ஏறத்தாழ இரண்டு வயது. அப்புறம் நாலு, ஆறு என்று ஏறி எட்டும் வந்துவிட்டால் கடை சேர்ந்த மாடு, நாலு வயது தாண்டியது. அதற்கு மேல் தேய்மானத்தை வைத்துத்தான் மதிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐம்பது மாட்டு வாயைத் திறந்திருக்கிறேன், கை முழுக்க எச்சில் நாறும்.

துண்டுக்கு வருகிறேன். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. ஐந்தையும் சேர்த்துப் பிடித்து விட்டு, மறுபடி இரண்டைப் பிடித்தால் ஏழு. அது ஏழாயிரமா எழுபதாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரியும். இதைத் திருட்டுத்தனம் என்று பலர் பேசுகிறார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏலத்தில் விலை ஏறும். நம் சந்தையில் பெரும்பாலும் இறங்கும். மகள் கல்யாணத்துக்காக மாட்டை ஓட்டி வந்தவரிடம் ஒருவன் பாதி விலைக்குக் கேட்டான் என்பது சந்தை முழுக்கத் தெரிந்தால், அடுத்தவனும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பான். அந்த மனிதரின் முகத்தைக் காப்பாற்றுவது அந்தத் துண்டுதான்.

ஆனால் வாங்குபவரிடம் ஒரு விரல் கூட்டிப் பிடித்து, விற்பவரிடம் ஒரு விரல் குறைத்துப் பிடித்து, நடுவில் விழுவதை மடியில் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். உன் அம்மா அழுவது அவர்களைப் பார்த்துத்தான். அதில் தப்பே இல்லை.

நானும் ஒரு தடவை சறுக்கியிருக்கிறேன். புருஷனை இழந்த ஓர் அம்மாவுக்கு இரண்டாம் ஈத்து மாடு, அதாவது இரண்டாவது கன்று போட்டது என்று பேசி முடித்தேன். விற்றவன் ஒரு நாள் முழுக்கக் கறக்காமல் மடியைத் தேக்கிக்கொண்டு வந்திருந்தான். மடி பானை மாதிரி இருந்ததைப் பார்த்து மயங்கிவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகுதான் ஒரு காம்பில் பாலே வரவில்லை என்று தெரிந்தது. அவன் திரும்ப எடுக்க மறுத்துவிட்டான். தரகைத் திருப்பிக் கொடுத்து, மாட்டை நானே எடுத்துக்கொண்டேன். அந்த நஷ்டத்தை அடைக்க எட்டு மாதம் ஆனது. அன்றிலிருந்து நாலு காம்பையும் நானே பீய்ச்சிப் பார்க்காமல் கறவை மாட்டுக்குப் பேசுவதில்லை.

2016 நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை. மணப்பாறைச் சந்தை செவ்வாய் சாயங்காலம் கூடி புதன்கிழமை வரை நடக்கும். ஒரு ஜோடிக்கு விலை முடித்து, அச்சாரமும் கைமாறிய பிறகு, ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று செய்தி வருகிறது. சந்தையில் அத்தனை பேர் மடியிலும் அந்த நோட்டுதான். மாட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். "தரகரே, நீங்க சொன்னா ஓட்டிட்டுப் போகட்டும்" என்றார். மூன்று வாரம் கழித்துப் பணத்தை அவர் வீட்டுத் திண்ணையில் கொண்டுபோய் எண்ணி வைத்தேன். எந்தப் பத்திரமும் கிடையாது. இதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பள்ளத்தூர் அக்கா:
நான் ஐந்து கறவை வைத்திருக்கிறேன், தரகர் இல்லாமல் ஒன்றுகூட வாங்கியதில்லை. தம்பி, ஒன்று மட்டும் செய். எங்களை மாதிரிப் பெண்கள் வந்தால் எங்கள் வீட்டு ஆம்பளையிடம் விலை பேசாதே, எங்களிடம் பேசு. பால் கறப்பது நாங்கள்தான். காலை, மாலை, மறுநாள் காலை என்று மூன்று வேளை கறந்து பார்க்கச் சொல்கிற தரகரைத்தான் நான் மறுபடி கூப்பிடுவேன்.

தேவகோட்டை கால்நடை டாக்டர்:
சினையை வயிற்றைப் பார்த்துச் சொல்லாதீர்கள், மருத்துவரை வைத்துச் சோதித்துவிடுங்கள். காதில் இருக்கும் 12 இலக்க வில்லையைக் குறித்துக்கொள்ளுங்கள், தடுப்பூசி விவரத்தை அதை வைத்துப் பார்க்கலாம். கோமாரி தொற்றிய மாடு சில நாள் வரை நன்றாகத்தான் தெரியும். சந்தையில் வாங்கியதை இரண்டு மூன்று வாரம் தனியே கட்டச் சொல்வதும் தரகர் வேலையாக இருக்கட்டும்.

சாக்கோட்டைப் பையன்:
மிக்க நன்றி. கல்லல் அண்ணே, வருமானம் எப்படி? செட்டிநாட்டு அரசுக் கால்நடைப் பண்ணை மாதிரி இடங்களில் ஏலம் விடுகிறார்களே, அதில் தரகருக்கு வேலை உண்டா?

கல்லல் தரகர்:
அரசுப் பண்ணை ஏலம் வேறு. முன்பணம் கட்டி, எல்லார் முன்னாலும் சத்தமாகக் கேட்க வேண்டும். தரகருக்கு அங்கே இடம் இல்லை, ஆனால் வாங்க வருகிறவர் என்னைப் பல் பார்க்கக் கூட்டிப்போவார். அதற்கும் கூலி உண்டு.

வருமானம் நிலையாக இருக்காது. டிராக்டர் வந்து உழவு மாட்டுப் பேச்சு ஏறக்குறைய நின்றுவிட்டது. 2014 மே மாதம் மஞ்சுவிரட்டுக்குத் தடை வந்தபோது, நம் சிவகங்கை ஜில்லாப் புலிக்குளம் இனக் காளைகளைக் கறிக்கு எடுப்பவர்கள்தான் கேட்டார்கள். அந்தப் பேச்சுக்கு நான் போகவில்லை, ஆட்டுத் தரகு பார்த்துச் சாப்பிட்டேன். 2017இல் அதை அனுமதித்துச் சட்டம் வந்தது, 2023இல் உச்ச நீதிமன்றமும் செல்லும் என்றது. இப்போது சிராவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டலில் அவிழ்க்க நல்ல கன்று தேடி மார்கழியிலேயே போன் வருகிறது. வண்டிப் பந்தயத்துக்குப் பெரிய மாடு, பூஞ்சிட்டு என்கிற சின்ன மாடு என்று கேட்பவர்களும் குறையவில்லை. முதல் இரண்டு வருடம் கையில் வேறு வருமானம் வைத்துக்கொள்.

வருகிற செவ்வாய் மணப்பாறைக்குப் போகிறேன். மதியம் ஒரு மணிக்குக் கல்லல் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் குட்டியானை (சின்ன லோடு வண்டி) நிற்கும். மாமாவிடம் கேட்டுவிட்டு வா. ராத்திரி அங்கேதான் படுக்கை, ஒரு போர்வை எடுத்துக்கொள்.