காங் பொம்மைக்குள் என்ன வைத்து உறைய வைக்கிறீர்கள்?

பொன்னி, செந்தூல்

வணக்கம். எங்கள் வீட்டு நாய் பெயர் கருப்பன். கலப்பு இனம், 12 கிலோ. நானும் வீட்டுக்காரரும் காலை ஏழு மணிக்கே எல்.ஆர்.டி. ரயில் பிடிக்கக் கிளம்பிவிடுவோம். மதியம் அம்மா வந்து பார்த்துக்கொள்வார். நடுவில் இருக்கிற அந்த நாலைந்து மணி நேரம்தான் தலைவலி. கிரில் கதவோரம் நின்று குரைத்துக்கொண்டே இருக்கிறான். பக்கத்து வீட்டு அன்ட்டி நல்லவர், திட்டவில்லை. ஆனால் அவர் மகன் நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்குகிற நேரம் அது. டெரஸ் வீட்டில் நடுச்சுவர் ஒன்றுதானே.

யாரோ சொன்னார்கள் என்று உள்ளே தீனி அடைத்து நாய்க்குக் கொடுக்கிற, நடுவில் குழிவான சிவப்பு ரப்பர் காங் பொம்மை ஒன்று வாங்கினேன். உள்ளே பிஸ்கட் போட்டால் இரண்டு உதறில் எல்லாம் தரையில். பீனட் பட்டர் தடவிக் கொடுத்தால், நான் செருப்பு மாட்டி முடிப்பதற்குள் நக்கி முடித்துவிடுகிறான். ஒட்டியிருக்கிற மிச்சத்துக்கு எறும்பு வந்துவிடுகிறது. உறைய வைத்துக் கொடுத்தால் நேரமாகும் என்கிறார்கள். எதை வைப்பது? எவ்வளவு? தினமும் கொடுக்கலாமா? மிஞ்சின சாம்பார் சோற்றை அடைத்து ஐஸ் பெட்டியில் போடு என்கிறார் அம்மா. அது சரியா?

ஆயர் ஈத்தாம் அக்கா

பொன்னி, முதலில் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், சாம்பார் சோறு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பு ரத்த அணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் சரி, பொடியாகப் போட்டாலும் சரி, அது மாறாது. அன்றே ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து நாய் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும். "நாங்கள் வளர்த்த நாயெல்லாம் இதைத் தின்றுதானே வளர்ந்தது" என்று பதில் வரும். என் மாமியாரும் அதையேதான் சொன்னார். நான் வாதாடவில்லை. எங்கள் நாய் சிகப்பிக்குத் தயிர்ச் சோறு பிசைகிற பொறுப்பை அவரிடமே கொடுத்துவிட்டேன். உப்பில்லாமல், தாளிக்காமல், மிளகாய் இல்லாமல், குழையக் குழைய. இப்போது தயிர்ச் சோறு இலாகா முழுக்க அவர் கையில்தான், என்னைக்கூடக் கிட்டே விடுவதில்லை.

காங்கை எல்லாரும் தின்பண்டம் வைக்கிற சாமானாக நினைக்கிறார்கள். எனக்கு அது காலைச் சாப்பாட்டுத் தட்டு. கருப்பனுக்குக் காலையில் தட்டில் கொட்டுவீர்களே, அதே சாப்பாட்டை முந்தின இரவே அளந்து, ஊற வைத்து, அடைத்து, உறைய வையுங்கள். அன்று தட்டையே எடுக்க வேண்டாம். பசியோடு இருக்கிற நாய்தான் உறைந்த கட்டியோடு மல்லுக்கட்டும். வயிறு முட்டத் தின்றவன் நாலு நக்கு நக்கிவிட்டு மறுபடி கிரில் கதவுக்குத்தான் போவான். எடை ஏறுமோ என்கிற பயமும் இல்லை, ஏனென்றால் கூடுதலாக எதுவும் போகவில்லை. தினமும் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். இப்படிக் கொடுத்தால் தாராளமாக.

நான் செய்கிற விதம் இது. உலர் தீனி எவ்வளவோ அதே அளவு தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் விட்டால் ஊதிப் பெரிதாகும். முள்கரண்டியால் மசித்து, சர்க்கரை இல்லாத தயிர் ஒரு கரண்டி, அவித்த மஞ்சள் பூசணி கொஞ்சம் சேர்த்துப் பிசைவேன். காங்கின் சின்ன ஓட்டையை ஒரு துண்டு வாழைப்பழத்தால் அடைத்துவிட்டு, காப்பி கோப்பையில் பெரிய வாய் மேலே பார்க்கிற மாதிரி நிறுத்தினால் சிந்தாமல் நிரப்பலாம். விளிம்பு வரை திணிக்காதீர்கள். தண்ணீர் உறையும்போது பெருக்கும், பிதுங்கி வெளியே வழிந்து ஐஸ் பெட்டித் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். நாலு மணி நேரத்தில் மேலே இறுகிவிடும், நடுவில் குழைவாகவே இருக்கும். அதனால் இரவு முழுக்க விடுங்கள்.

பீனட் பட்டர் மட்டும் அடைத்து உறைய வைப்பதில் அர்த்தமில்லை. அதில் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை, பாதிக்குப் பாதி எண்ணெய். எத்தனை நாள் உள்ளே கிடந்தாலும் கல்லாகாது. ஈரமுள்ள பொருள்தான் இறுகும். தயிர், பூசணி, ஊறிய தீனி, விதை எடுத்த பப்பாளி, வாழைப்பழம், உப்பில்லாமல் அவித்த கோழி நெஞ்சுக்கறி. பாசாரில் நல்ல கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி) கிடைத்தால் நான் அவித்து முள்ளெல்லாம் உருவிவிட்டு வைப்பேன், அன்றைக்குச் சிகப்பி தலையே நிமிர்த்த மாட்டாள். தேங்காய்ப்பால் பக்கம் போகாதீர்கள், கொழுப்பு அதிகம், வயிற்றைக் கலக்கிவிடும்.

ஆனால் நாளைக்கே கல் மாதிரி உறைந்ததைத் தூக்கிக் கொடுக்காதீர்கள். கருப்பன் இதுவரை பார்த்தது உதறினால் கொட்டுகிற காங். திடீரென்று ஒன்றுமே வராவிட்டால் இது உடைந்த சாமான் என்று விட்டுவிட்டுப் போவான். முதலில் உறைய வைக்காமல் தளர்வாக அடைத்துக் கொடுங்கள். அது கைவந்த பிறகு ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டில் உறையாமல் குளிர வைத்தது. கடைசியில்தான் உறைந்தது. இந்தப் பழக்கமெல்லாம் நீங்கள் வீட்டில் இருக்கிற சனி ஞாயிறில் நடக்கட்டும். கதவைப் பூட்டும்போது மட்டும் காங் வந்தால், காங் வந்தாலே நீங்கள் போய்விடுவீர்கள் என்று கணக்குப் போட்டுவிடுவான்.

எறும்புக்கு வருவோம். போர்ச்சில் வைத்தால் நம் ஊர் வெயிலுக்குக் கூழாகிவிடும், பிறகு எறும்புக்குத்தான் விருந்து. வீட்டுக்குள், மொசைக் தரையில், விசிறிக்குக் கீழே கொடுங்கள். கம்பளத்தில் வேண்டாம். மதியம் அம்மா வந்ததும் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடச் சொல்லுங்கள். குழந்தைப் பால் போத்தல் கழுவுகிற பிரஷ் உள்ளே நன்றாக நுழையும். இரண்டு மூன்று காங் இருந்தால் ஒன்று கழுவிக் காயும்போது இன்னொன்று உறைந்துகொண்டிருக்கும், அவசரப்பட வேண்டியதில்லை.

இன்னொன்று முக்கியம். பழைய கைப்பேசியை ஓரமாக வைத்து, நீங்கள் போன பிறகு என்ன நடக்கிறது என்று பதிவு செய்து பாருங்கள். நீங்கள் இருக்கும்போது ஆசையாகத் தின்கிறவன், தனியாக விட்டதும் காங்கைத் தொடவே இல்லை, எச்சில் ஒழுக அங்குமிங்கும் நடக்கிறான், நீங்கள் திரும்பி வந்த பிறகுதான் தின்கிறான் என்றால் அது சலிப்பில்லை, பயம். அதற்கு எவ்வளவு ருசியாக அடைத்தாலும் வேலைக்காகாது. கால்நடை மருத்துவரிடம்தான் பேச வேண்டும்.

குமரன், பிறை

அக்கா சொல்கிறதைக் கேட்டால் நாய்க்கு ஒரு சமையல்காரரே வைக்க வேண்டும் போல! என் வழி சுலபம். காலியான ஐஸ்கிரீம் டப்பாவில் கோழி அவித்த தண்ணீர், கொஞ்சம் தீனி, கேரட். உறைந்ததும் கவிழ்த்துத் தட்டில் வைத்தால் முடிந்தது. அதற்காகக் காசைக் கொட்டி ரப்பர் வாங்க வேண்டுமா? சில நாள் தேங்காய்ச் சிரட்டையில்கூட உறைய வைத்துக் கொடுத்திருக்கிறேன். கறிக்கு வாங்கின ஆட்டெலும்பு மிஞ்சினால் அதுவும்.

ஆனால் அந்தப் பொம்மை வந்த கதை எனக்குப் பிடிக்கும். 1970களில் அமெரிக்காவில் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவர் வளர்த்த ஜெர்மன் ஷெப்பர்ட் கல்லைக் கடித்துக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டதாம். அவர் பழைய வோக்ஸ்வேகன் வேனைப் பழுது பார்க்கும்போது கழற்றிப் போட்ட ரப்பர் பாகத்தை அது தூக்கிக்கொண்டு போய்விட்டது. அந்த வடிவத்தை வைத்துத்தான் காங். ஆகவே தங்கச்சி, ஒரு காலத்தில் அதுவும் ஒர்க்‌ஷாப் குப்பைதான்.

கிளினிக் தம்பி

கோலாலம்பூரில் ஒரு கால்நடை கிளினிக்கில் உதவியாளனாக இருக்கிறேன், டாக்டர் இல்லை. குமரன் அண்ணே, டப்பா யோசனை நல்லதுதான், அதில் தீனியும் கேரட்டும் நிறைய இருக்கட்டும். வெறும் தண்ணீர் பெரிய கட்டியாக உறைந்தால் அதைக் கடித்துப் பல் உடைகிற நாய்கள் உண்டு. சிரட்டையும் சமைத்த எலும்பும் மட்டும் வேண்டாம் அண்ணே. சிரட்டை சில்லு சில்லாக உடையும். வெந்த எலும்பு ஊசியாகப் பிளந்து குடலில் குத்தும்.

ரப்பருக்குக் காசு கொடுப்பதிலும் ஒரு காரணம் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஓட்டை இருக்கிற பொம்மையைத்தான் வாங்க வேண்டும். ஒரே ஓட்டை உள்ள மலிவுப் பந்தில் நாய் நாக்கை விட்டு நக்கும்போது உள்ளே காற்றில்லாமல் வெற்றிடமாகி நாக்கைக் கவ்விக்கொள்ளும். எடுக்க முடியாமல் வீங்கி, பெரிய விபரீதமாகிவிடும். காங்கில் அந்தச் சின்ன ஓட்டை இருப்பதே காற்று போய் வரத்தான். அக்கா சொன்ன மாதிரி வாழைப்பழத்தால் அடைக்கலாம், அது கரைந்துவிடும். வேறு எதையும் செருகி அடைக்காதீர்கள். அளவும் பாருங்கள், கடைவாய்ப் பல்லைத் தாண்டி உள்ளே போகிற அளவு சின்னதாக இருக்கக் கூடாது. கருப்பன் ரப்பரையே பிய்க்கிற ஆள் என்றால் கறுப்பு நிறக் காங் இன்னும் கடினமானது. விரிசல் விட்டதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பீனட் பட்டர் வாங்கும்போது போத்தலைத் திருப்பிப் படியுங்கள். சைலிடால் என்றோ இ967 என்றோ இருந்தால் வேண்டவே வேண்டாம். மனிதருக்கு அது சர்க்கரைக்குப் பதில் போடுகிற இனிப்பு. நாய்க்கு இன்சுலின் ஒரேயடியாகச் சுரந்து, ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ரத்தச் சர்க்கரை சரிந்துவிடலாம், ஈரலும் கெடலாம். தெரியாமல் தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சைலிடால் இல்லாததும் அளவோடுதான். கருத்தடை செய்த 12 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 700 கலோரி போதும், தின்பண்டம் அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பார்கள். பீனட் பட்டர் ஒரு மேசைக்கரண்டியே 90 கலோரியைத் தாண்டும். பூசுகிற அளவுக்கு மட்டும் போதும்.

கேசரி, பாயசம் மிஞ்சினது என்று போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் இருக்கிற உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். மைலோவும் வேண்டாம், அதில் கொக்கோ இருக்கிறது. இன்னொன்று, தயிர் எல்லா நாய்க்கும் ஒத்துக்கொள்ளாது. முதலில் ஒரு கரண்டி கொடுத்து, மறுநாள் மலம் இளகவில்லை என்று பார்த்துவிட்டுக் கூட்டுங்கள். பக், ஷிட்சு மாதிரி தட்டை மூக்கு நாய் வைத்திருப்பவர்களுக்குக் காங் சரிப்படாது, நாக்கு ஆழம் போகாது. மேடு பள்ளம் உள்ள சிலிக்கோன் நக்குத் தட்டில் தடவி உறைய வைத்துக் கொடுங்கள்.

பொன்னி, செந்தூல்

எல்லாருக்கும் நன்றி! அம்மாவிடம் தயிர்ச் சோற்றுப் பொறுப்பைக் கொடுத்தாயிற்று. சாம்பார் பேச்சே இப்போது இல்லை, கேரட்டை எவ்வளவு பொடியாகத் துருவ வேண்டும் என்பதுதான் விவாதம். அக்கா சொன்னபடி படிப்படியாகப் பழக்கினேன், கைப்பேசியிலும் பதிவு செய்தேன். நல்லவேளை, பயமில்லை. நாங்கள் போனதும் காங்கோடு உட்கார்ந்துவிடுகிறான். தரையெல்லாம் உருட்டி, கடைசியில் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு பொறுமையாக நக்குகிறான், பிறகு அங்கேயே தூங்கிவிடுகிறான். தபால்காரர் மோட்டார் சைக்கிள் வரும்போது மட்டும் எழுந்து குரைக்கிறான். கிரில் பக்கம் திரை போட்டதும் அதுவும் பாதியாகக் குறைந்துவிட்டது. அன்ட்டியிடமிருந்து இப்போது வாட்சப்பில் பூ படம் போட்ட காலை வணக்கம்தான் வருகிறது.

தீபாவளி வருகிறதே, அக்கா. எங்கள் வரிசையில் இரவெல்லாம் பட்டாசு வெடிப்பார்கள். அதற்கும் காங் கைகொடுக்குமா?

ஆயர் ஈத்தாம் அக்கா

கொஞ்சம் கைகொடுக்கும், முழுக்க நம்ப வேண்டாம். நக்குவதும் மெல்லுவதும் நாயைச் சாந்தமாக்கும், ஆனால் வெடி தொடங்கி அவன் நடுங்க ஆரம்பித்த பிறகு நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். இருட்டுவதற்கு முன்பே நடக்கக் கூட்டிப்போய்விட்டு, தெருவுக்குத் தள்ளி உள்ளறையில் படுக்கை போட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, டிவி சத்தத்தை ஏற்றி, அப்போதே காங்கைக் கொடுங்கள். அன்று மாலைச் சாப்பாட்டைக் காங்குகளிலேயே பிரித்து வையுங்கள், ஒன்று முடிந்ததும் அடுத்தது. வாசனை தூக்கலாக இருக்கட்டும், மீன்தான் அதற்குச் சரி. தொடவில்லையா, வற்புறுத்தாமல் பக்கத்தில் உட்காருங்கள். போன வருஷம் ரொம்ப நடுங்கினான் என்றால் இப்போதே டாக்டரைப் பாருங்கள், மருந்து வேண்டுமா என்று அவர் சொல்வார். தீபாவளிக்கு முந்தின நாள் ஓடினால் எங்கேயும் இடம் கிடைக்காது.

மீன் அடைத்த காங்கை மட்டும் மூடி போட்ட டப்பாவில் வைத்து உறைய வையுங்கள். இல்லாவிட்டால் விருந்தாளிக்கு வாங்கி வைத்த ஐஸ்கிரீமிலும் கெம்போங் வாசனை அடிக்கும்.