வளரும் பிள்ளைகளுக்கு முள்ளெலும்பு நழுவுவது எதனால்?

கடலூர்த் தந்தை:
வணக்கம். மஞ்சக்குப்பம் மைதானத்தில் வேகப்பந்து வீசப் பழகிவரும் என் மூத்த மகனுக்கு (வயது 13) இடுப்புவலி தொடர்ந்ததால் எக்ஸ்ரே எடுத்தோம். ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பு முன்னோக்கி நழுவியிருப்பதாகவும், இருபுறமும் பிளவு இருப்பதாகவும், இது ‘முதல் கிரேடு’ என்றும் அறிக்கையில் உள்ளது. சைக்கிளிலிருந்து விழுந்ததே காரணம் என்கிறார் என் தாயார். புத்தகப்பை என்கிறார் மனைவி. முதியவர்களுக்கு வரும் தேய்மானம் இவ்வயதில் வருமா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

புதுவை இயன்முறை மருத்துவர்:
ஐயா, தேய்மானத்தால் நழுவுவது ஐம்பதைக் கடந்தவர்களுக்கு, அதுவும் பெரும்பாலும் நான்காவது முள்ளெலும்பில் நேர்வது. உங்கள் மகனுடையது வேறு வகை. முள்ளெலும்பின் பின்பகுதியில் மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் இணைக்கும் குறுகிய எலும்புப் பாலம் இருபுறமும் உண்டு. இதைப் ‘பார்ஸ்’ என்பார்கள். முதுகைப் பின்னால் வளைத்துக்கொண்டே திருப்பும்போது அழுத்தமெல்லாம் அங்கே குவிகிறது. வேகப்பந்து வீசுபவர் ஒவ்வொரு பந்துக்கும் இதைத்தான் செய்கிறார். இன்னும் முற்றாத எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்து, அது ஒன்றுசேர்ந்து ஆறுவதற்குள் மீண்டும் மீண்டும் சுமை ஏறினால், பாலம் பிரிந்துவிடுகிறது. வலக்கையால் வீசுபவருக்கு அநேகமாக இடப்புறம்தான் முதலில். இருபுறமும் பிரிந்தபின் முள்ளெலும்பை முன்னே சரியாமல் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு, முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் இடைவட்டின் மீதும், எலும்பு வளரும் இடமான, இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும் வளர்தகட்டின் மீதும் விழுகிறது. பிள்ளைகள் சட்டென்று உயரும் பருவத்தில் நழுவல் கூடுவதும், வளர்ச்சி முடிந்தபின் பலருக்கு அப்படியே நின்றுவிடுவதும் இதனால்தான்.

பிறந்த குழந்தைகளிடம் இப்பிளவு காணப்படுவதில்லை. நிமிர்ந்து நடக்கத் தொடங்கிய பிறகே தோன்றுகிறது. ஒரே ஒரு விழுகையால் இது நேர்வது அரிது. பையையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். முதல் கிரேடு என்றால் நழுவல், கீழுள்ள எலும்பின் முன்பின் அகலத்தில் நான்கில் ஒரு பங்குக்குள் இருக்கிறது என்று பொருள்.

வில்லியனூர் வாசகி:
விளையாட்டை மட்டும் காரணமாகக் கொள்ள வேண்டாம், ஐயா. எந்தப் பயிற்சிக்கும் செல்லாத என் மகளுக்கும் நழுவல் இருக்கிறது. ஐந்தாவது முள்ளெலும்புக்கும் அதற்குக் கீழுள்ள திரிக எலும்புக்கும் இடையிலுள்ள பின்மூட்டுகள் அவளுக்குப் பிறவியிலேயே சரியாக உருவாகவில்லை. 1976-இல் வில்ட்சே, நியூமன், மெக்னாப் ஆகிய மருத்துவர்கள் முள்ளெலும்பு நழுவலுக்கு வகுத்த பிரிவுகளில் இதுவே முதலாவது. இவ்வகையில் முள்ளெலும்பின் பின்பக்க எலும்பு வளையம் உடையாமலேயே முள்ளெலும்போடு சேர்ந்து முன்னே நகர்வதால் நரம்புகள் நெருக்கப்படலாம். முதலில் நாங்கள் கவனித்தது வலியைக்கூட அல்ல, தொடையின் பின்தசை இறுகி அவள் குனியச் சிரமப்பட்டதைத்தான். எந்த வகை என்று மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள்.

கடலூர்த் தந்தை:
மிக்க நன்றி. இளையவனும் பந்து வீசுகிறான். அவனுக்கும் இப்போதே எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாமா?

புதுவை இயன்முறை மருத்துவர்:
இது குடும்பவழியாகத் தொடரும் போக்கு உண்டு என்பதால் உங்கள் கவலை நியாயமானதே. ஆயினும் வலியில்லாத பிள்ளைக்குக் கதிர்வீச்சு தேவையில்லை. அவன் வீசும் பந்துகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வையுங்கள். பின்னால் வளையும்போது இடுப்பு வலிப்பதாகச் சொன்னால் அன்றே பந்துவீச்சை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். எக்ஸ்ரேயில் தென்படாத தொடக்கநிலை விரிசலை எம்ஆர்ஐ காட்டிவிடும். அந்நிலையில் ஓய்வு கொடுத்தால் எலும்பு கூடிவிட நல்ல வாய்ப்புண்டு.