என்.எச். 66-ல் கார் நடு ரோட்டில் நின்றுவிட்டால் முதலில் செய்ய வேண்டியது என்ன?

களியக்காவிளை_பெட்ரோல்:
பெட்ரோல் கார், மேனுவல் கியர். தினமும் களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை ஓட்டம். குழித்துறை, தக்கலை, வில்லுக்குறி, எங்கேயும் ஒதுங்க இடம் குறைவு. ஓடும்போதே எஞ்சின் அணைஞ்சா எந்த வரிசையில என்ன செய்யணும்? பின்னால வரவங்களை எச்சரிக்கிற சிவப்பு முக்கோணத்தை எவ்வளவு தூரத்துல வைக்கணும்? மார்த்தாண்டம் பாலத்து மேல நின்னா என்ன வழி? கூட வயசானவங்களும் இருப்பாங்க.

பட்டறை_அண்ணாச்சி:
எஞ்சின் அணைஞ்சதும் கையில மிச்சம் இருக்கது வண்டியோட ஓட்டம் மட்டும்தான் மக்கா. 40-ல போன வண்டி சமதளத்துல நியூட்ரல்ல நூறு மீட்டருக்கு மேலயே உருளும். பதறிப் பிரேக்கை மிதிச்சா அந்த ஓட்டத்தை நடு ரோட்டுலயே தீர்த்துடுவீங்க. கிளட்ச், நியூட்ரல், ஹசார்டு லைட் (நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னுறது), கண்ணாடியைப் பார்த்து பைய இடது ஓரம். உருளும்போதே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாம். பிடிக்கலைன்னா அதோட விட்டுடணும்.

கால் அழுத்தத்துக்குக் கை கொடுக்கிற பிரேக் பூஸ்டர்ல மிச்சம் இருக்க வேக்குவம் (வெற்றிடம்) ரெண்டு மூணு மிதிக்குத்தான் வரும். அதுக்கப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிடும். பிரேக் போயிடலை, கால் பலம்தான் கூடுதலா வேணும். அதனால தொட்டுத் தொட்டு மிதிக்காதீங்க, நிறுத்துற இடத்துல ஒரே அழுத்து. ஸ்டீயரிங்கும் கனக்கும். சாவியை மட்டும் உருவிடாதீங்க, ஸ்டீயரிங் லாக் விழுந்துட்டா வண்டி போற போக்குதான்.

வளைவுலயும், மேடு ஏறி இறங்குற இடத்துலயும் நிக்காம அதைத் தாண்டி உருளப் பாருங்க. நின்னதும் ஹேண்ட்பிரேக், முதல் கியர், முன் சக்கரத்தை இடது பக்கமாத் திருப்பி விடணும். பின்னால யாராவது இடிச்சாலும் வண்டி எதிர் லேனுக்குப் போகாது. பானட்டெல்லாம் அப்புறம்.

ராத்திரி_டூட்டி:
முக்கோணத்துக்கு வருகிறேன். 60 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 16 மீட்டருக்கு மேல். பின்னால் வருபவர் கவனித்து பிரேக்கில் கால் வைக்கவே ஒன்றரை முதல் இரண்டு நொடி. நிற்பதற்குக் காய்ந்த ரோட்டில் இன்னும் 20 மீட்டர், நனைந்த ரோட்டில் 30-க்கு மேல். ஆக, 50 மீட்டருக்குக் குறைந்து வைத்தால் அது அலங்காரம்தான். ஏறத்தாழ 70 எட்டு. மழையிலும் நாகர்கோவில் – திருநெல்வேலி நான்கு வழிச்சாலையிலும் 100 எட்டுக்கு மேல் போங்கள். வளைவுக்குப் பின் வண்டி நின்றால், முக்கோணம் வளைவுக்கு முன்னால் இருக்க வேண்டும், அதற்குள் அல்ல. இருவழி ரோடு வளைவில் எதிரே வருபவருக்கும் ஒன்று தேவை.

வைக்கப் போகும்போது, பிரித்த முக்கோணத்தை நெஞ்சுக்கு முன் பிடித்து, வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓரமாக நடங்கள். திரும்பி வரும்போது முதுகுக்குப் பின்னால்தான் ஆபத்து, நாலு தடவை திரும்பிப் பாருங்கள்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கும் காற்றுக்கு முக்கோணம் நிற்காது. கால்களை முழுக்க விரித்து, அடிக்கம்பி மேல் ஒரு தண்ணீர் பாட்டிலைப் படுக்க வையுங்கள். லாரிக்காரர்கள் மரக்கிளை ஒடித்து வைக்கும் வழக்கம் பகலுக்குச் சரி. இரவில் பச்சை இலை தெரியவே தெரியாது.

களியக்காவிளை_பெட்ரோல்:
நன்றி. பாலத்து மேல? மழை நேரத்துல வயசானவங்களை இறக்கி விடுறதா, உள்ளேயே வைக்கிறதா?

ராத்திரி_டூட்டி:
மார்த்தாண்டம் பாலம் சுமார் இரண்டரை கி.மீ. நீளம், ஒதுங்க இடம் கிடையாது. பாதியைத் தாண்டி எஞ்சின் அணைந்தால் இறக்கத்தில் உருண்டே கீழே போய்விடலாம், அதற்கு முயலுங்கள். நடுவில் நின்றுவிட்டால், வண்டிகள் ஊர்ந்து வரும் நேரம் என்றால் இடது கதவு வழியாக இறங்கி, கைப்பிடிச் சுவரை ஒட்டி, காருக்குப் பின்புறமாகப் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி நிற்கலாம். காருக்கு முன்னால் நின்றால், இடிபட்ட கார் உங்கள் மேல்தான் வரும். காருக்கும் சுவருக்கும் நடுவில் நிற்பது அதைவிட மோசம்.

வண்டிகள் வேகமாக வருகின்றன, மழை, இருட்டு, கூட நடக்க முடியாதவர் என்றால் இறக்கவே வேண்டாம். எல்லோரும் சீட் பெல்ட்டோடு உள்ளே, ஹசார்டு எரியட்டும், அவசர எண் 112-க்கோ நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கோ அழைத்து, எந்தப் பக்கம் போகும் திசை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாலத்தில் டயர் மாற்றும் வேலையே கூடாது. காற்றில்லாத டயரோடு 10 கி.மீ. வேகத்தில் கீழே இறங்குங்கள். டயர் பாழாகும், போகட்டும்.

கல்லு_எடுங்க:
ஒண்ணே ஒண்ணு. சரிவுல சக்கரத்துக்கு அணை கொடுத்த கல்லைக் கிளம்பும்போது எடுத்துப் போடுங்க ஐயா. அடுத்து வர பைக்குக்கு அதுதான் எமன்.

அப்புறம், முதல் கியர்ல போட்டு செல்ஃப் அடிச்சே வண்டியை நகர்த்தலாமே?

பட்டறை_அண்ணாச்சி:
பழைய வண்டியில முடியும். கிளட்ச் மிதிச்சாத்தான் செல்ஃப் எடுக்கும்னு இருக்க இப்போதைய கார்ல நடக்காது. முடிஞ்ச வண்டியிலயும் அஞ்சு நொடிக்கு மேல தொடர்ந்து அடிச்சா ஸ்டார்ட்டர் மோட்டார் சூடாகிப் போயிடும். பெட்ரோல் வாடை வந்தா செல்ஃபைத் தொடவே கூடாது. மழைத் தண்ணிக்குள்ள அணைஞ்ச வண்டியும் அப்படித்தான், சிலிண்டர்ல தண்ணி ஏறியிருந்தா ஒரு அடிக்கே எஞ்சினுக்குள்ள இருக்க கனெக்டிங் ராடு வளைஞ்சிடும்.

சூடேறி நின்ன வண்டின்னா ரேடியேட்டர் மூடியை அரை மணி நேரத்துக்குத் தொடாதீங்க. அழுத்தத்துல இருக்க தண்ணி நூறு டிகிரிக்கு மேலயும் கொதிக்காம நிக்கும், மூடி திறந்த நொடியில மூஞ்சிக்கு வரும்.

கயிறு கட்டி இழுக்கிறதா இருந்தா கொக்கி போடுற இடத்துல மட்டும் கட்டணும், நாலஞ்சு மீட்டர் கயிறு, 20 கி.மீ. வேகம், சாவி ஆன்ல. ஆட்டோமேட்டிக் கார்னா கயிறே வேண்டாம், காரை முழுசா மேல ஏத்திட்டுப் போற பிளாட்பெட் வண்டியைக் கூப்பிடுங்க. அது வரதுக்குள்ள கையால தள்ளி ஓரம் கட்டணும்னா நியூட்ரலுக்கு மாத்தணும். பேட்டரி செத்திருந்தா கியர் லிவர் அசையாது. லிவர் பக்கத்துல சின்ன மூடி ஒண்ணு இருக்கும். அதைத் தூக்கி, பிரேக்கை மிதிச்சுக்கிட்டே உள்ள இருக்க பொத்தானைச் சாவி முனையால அழுத்தினா லிவர் விடும். எங்கே இருக்குன்னு வீட்டு முற்றத்துலயே ஒரு தடவை தேடிப் பாத்து வச்சுக்கிடுங்க.