அப்பாவுக்கு இருந்தது, எனக்கும் இருக்கிறது: பரம்பரைச் சிறுநீரக நீர்க்கட்டி

குகை, சேலம்:

அப்பா நெசவாளி. விலா வலித்தால் மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு தறிக்குழியில் இறங்கிவிடுவார். எல்லாம் உப்புத் தண்ணி செய்கிற வேலை என்றுதான் தெருவே சொன்னது. ஐம்பது தாண்டியதும் டயாலிசிஸ். கிட்னி தர அத்தை முன்வந்தார். பொருத்தம் பார்க்கப் போன இடத்தில் அத்தைக்கும் இரண்டு பக்கமும் நீர்க்கட்டி! வம்சத்தில் ஓடுகிற நோய் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் எனக்கு ஸ்கேன். ஜெல் தடவி, கருவியை விலாவுக்குக் கீழே அழுத்தி, திரையில் தெரிந்த ஒவ்வொரு கறுப்பு வட்டத்துக்கும் குறுக்கே கோடு போட்டு அளந்துகொண்டே போனார்கள். முடியவே இல்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு, ஆண் பெண் பேதம் கிடையாது என்றார் டாக்டர். பெரும்பாலும் 16ஆவது குரோமோசோமில் இருக்கும் பிகேடி1 ஜீன்தான் காரணம்; அதை 1994இல் கண்டுபிடித்தார்கள். பிகேடி2 ஜீன் 1996இல். அதனால் வரும் நோய் பொதுவாக மெதுவாகத்தான் முற்றுமாம்.

இப்போது பிபி மாத்திரை, உப்பு குறைவு. வலி மாத்திரை பக்கமே போவதில்லை.

நாகலூர், ஏற்காடு:

அண்ணா, எங்கள் அம்மாவுக்கும் இதேதான். டோல்வாப்டான் சாப்பிடுகிறார். வாசோபிரசின் என்ற ஹார்மோன் கட்டிகளை வளரத் தூண்டுமாம், அந்தத் தூண்டுதலை இந்த மாத்திரை தடுக்கிறது. 2012இல் வெளிவந்த பெரிய ஆய்வில் சிறுநீரகம் வீங்கும் வேகம் குறைந்தது தெரிந்தது; 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நோயைத் தீர்க்காது, தள்ளிப்போடும். அதுவே எங்களுக்குப் பெரிது.

கஷ்டமும் உண்டு. ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர். ஈரலைப் பாதிக்கலாம் என்பதால் தவறாமல் ரத்தம் பார்க்க வேண்டும். அதற்குச் சேலத்துக்கு இறங்கணும். மாத்திரை போட்டுவிட்டு 20 கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸில் எப்படித் தாங்குவார்? டாக்டரைக் கேட்டு, அந்த நாளில் மட்டும் ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுகிறார்.

குகை, சேலம்:

அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தத்தில் யாருக்காவது மூளையில் ரத்தக்குழாய் வீங்கி வெடித்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், இந்த நோயோடு அதுவும் வரக்கூடியது.

என் அக்கா மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். ஸ்கேன் என்றாலே அக்கா அழுகிறாள். சரி, பிபியாவது பார்ப்போம் என்று சம்மதிக்க வைத்திருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை கருவியை எடுத்துக்கொண்டு போகிறேன்.